மூன்றும் 41 மில்லிமீட்டர்தானாம்!

நடுவர் ஐயா அவர்களுக்கும், கையில் தடித்த ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

"பல நுட்பங்கள் கொண்ட உயர்ரகக் கைக்கடிகாரங்களை ஒப்பிடச் சிறந்த வழி விவரப் பட்டியலா, கட்டிப் பார்ப்பதா?" இதுதானே தலைப்பு? கட்டிப் பார்ப்பதே என்று பேச வந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு எதிரணித் தலைவர் வந்திருப்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. அந்த உழைப்பு வீணாகட்டும்.

அவர் எடுத்துக்கொண்டது இரண்டு வாட்ச். ஒன்று, நாம் நிற்கும் இதே ஜெனீவாவின் படேக் ஃபிலிப் 5270. மற்றது, ஜெர்மனியில் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் செய்யப்படும் லாங்கே டேட்டோகிராஃப் பெர்பெச்சுவல். இரண்டிலும் ஸ்டாப்வாட்ச் வேலை பார்க்கும் குரோனோகிராஃப் உண்டு. எந்த மாதத்துக்கு 30, எதற்கு 31, எந்த ஆண்டு லீப் ஆண்டு என்று தானே கணக்கு வைத்து, 2100 பிப்ரவரி வரை தேதி பிசகாத பெர்பெச்சுவல் காலண்டரும் உண்டு. பிறகு பட்டியலை வாசித்தார். படேக்கில் 456 பாகம், லாங்கேயில் 556. படேக் மணிக்கு 28,800 துடிப்பு, லாங்கே 18,000. முழுச் சாவி கொடுத்தால் படேக் குறைந்தது 55 மணி நேரம் ஓடும், லாங்கே 36. விட்டம் இரண்டுக்கும் 41 மில்லிமீட்டர். "ஆக படேக்கே மேல், கடைக்குப் போகும் டிராம் காசு மிச்சம்" என்று முடித்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியதில் தப்பில்லை, எண்கள் எல்லாம் சரிதான்.

ஆனால் ஐயா, 28,800க்கும் 18,000க்கும் என்ன வித்தியாசம் என்று ஃபைல் சொல்லுமா? நான் சொல்கிறேன். படேக்கின் குரோனோகிராஃப் பட்டனை அழுத்தினால் வினாடி முள் ஒரு வினாடிக்குள் எட்டு அடி வைக்கிறது. கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவது போலத்தான் தெரியும். லாங்கேயில் ஐந்தே அடி. கொஞ்சம் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தத்தலும் தெரிகிறது. எனக்கு அந்தத் தத்தல் பிடித்தது, கூட வந்த நண்பருக்கு வழுக்கல் பிடித்தது. பட்டியலைக் கேட்டிருந்தால் இருவருக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்லி அனுப்பியிருக்கும்.

அதோடு விடாமல் 60 வினாடி காத்திருக்க வேண்டும். முள் ஒரு சுற்று முடிக்கும் அந்தக் கணத்தில், சின்ன வட்டத்தில் இருக்கும் நிமிட முள் ஊர்ந்து போகாமல் ஒரே தாவலில் அடுத்த கோட்டில் போய் நிற்கும். இரண்டு வாட்சிலும் நடக்கிறது, இரண்டும் அழகு. அடுத்து, முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாங்கேயின் கீழ்ப் பட்டனை அழுத்துங்கள். முள் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும், விரலை எடுத்ததும் புதிதாக ஓடத் தொடங்கும். படேக்கில் முதலில் நிறுத்திவிட்டுத்தான் திரும்ப வைக்க முடியும். பட்டியலில் இதற்கு 'ஃப்ளைபேக்' என்று ஒரே ஒரு சொல். அழுத்தும் விரலுக்கு முதலில் ஒரு தடை, பிறகு சட்டென்று ஒரு விடுபடல். அந்தத் தடை எந்த அளவில் இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதை எந்த நிறுவனம் அச்சடித்துத் தரும்?

சரி, அந்த 41க்கு வருவோம். மூன்றாவதாக ஒரு வாட்சையும் சேர்த்துக்கொள்கிறேன். ஓடெமார் பிகே நிறுவனம் 2019இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மெல்லிய ராயல் ஓக் பெர்பெச்சுவல் காலண்டர். அதற்கும் 41 மில்லிமீட்டர்தான். மூன்றும் ஒரே அளவாம்! தடிமனைப் பாருங்கள்: லாங்கே 13.5, படேக் 12.4, ராயல் ஓக் 6.3. "அதுவும் பட்டியலில்தானே இருக்கிறது?" என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது, யார் இல்லை என்றது? லாங்கேயைக் கட்டி முழுக்கைச் சட்டையின் கஃப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். துணி வாட்சின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பிளாட்டினம் கேஸாக இருந்தால் கையைத் தொங்கவிட்டதும் மொத்த எடையும் மணிக்கட்டு எலும்பை நோக்கிச் சரிகிறது. டைட்டானியமும் பிளாட்டினமும் கலந்து செய்த ராயல் ஓக்கோ, கட்டியிருப்பதே மறந்துவிடுகிறது. அது சிலருக்குச் சுகம். எனக்கு, இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு மறந்துபோவதா என்றுதான் தோன்றியது.

அந்த 36 மணி நேரத்தைச் சொல்லி லாங்கேயைக் குறைத்தார் எதிரணித் தலைவர். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு காலையோ மதியமோ நின்றுவிடும், உண்மை. ஆனால் நின்றதை எழுப்புவது எப்படி? லாங்கேயின் இடது மேல்பக்கம் ஒரு பட்டன். ஒரு அழுத்துக்கு ஒரு நாள், தேதியும் கிழமையும் நிலாவின் பிறை காட்டும் வட்டமும் சேர்ந்தே நகரும். படேக்கில் கேஸின் பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகக் குழிகள். ஊசி போன்ற ஒரு கருவியை எடுத்து, கிழமைக்கு ஒரு குழி, பிறைக்கு ஒரு குழி என்று தனித்தனியாகக் குத்த வேண்டும். மூக்குக் கண்ணாடியோடு ஒரு தரம் குத்திப் பார்த்தவருக்கு அந்த 55 மணி நேரத்தின் அருமையும் புரியும், லாங்கேயின் ஒற்றைப் பட்டனின் அருமையும் புரியும்.

"நம்மை யார் கட்டிப் பார்க்க விடுவார்கள்? விட்டாலும் கடை வெளிச்சம் ஏமாற்றும், விற்பவர் பேச்சு மயக்கும்." இது எதிரணியின் இன்னொரு வாதம். பாதி நியாயம். நிறுவனத்தின் சொந்தக் கடையில் அடுத்த நிறுவனத்து வாட்ச் இருக்காது, அதனால் அங்கே ஒப்பிட வழியில்லை. ஆனால் இதே ஊரில் மே மாதமும் நவம்பரிலும் பெரிய கடிகார ஏலங்கள் நடக்கின்றன. ஏலத்துக்கு முந்தைய நாட்களில் எல்லாவற்றையும் பார்வைக்கு வைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கேட்டால் தட்டில் துணி விரித்து, இரண்டு நிறுவனங்களின் வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைப்பார்கள். வெளிச்சத்தில் சந்தேகமா, ஜன்னலோரம் போய்ப் பாருங்கள்.

பத்து நிமிடம் கட்டினால் துல்லியம் தெரியுமா என்றும் கேட்டார்கள். தெரியாது. துல்லியம்தான் வேண்டுமென்றால் 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம், பாட்டரியில் ஓடி இவற்றைவிடத் துல்லியமாக நேரம் காட்டும் குவார்ட்ஸ் வாட்சை விற்க ஆரம்பித்தபோதே இந்தப் பட்டிமன்றம் முடிந்துவிட்டது. மேலே போவோம்.

மணியடிக்க இன்னும் நேரம் இருக்கிறதா ஐயா? நல்லது, மணியைப் பற்றியே பேசிவிடுகிறேன். மினிட் ரிப்பீட்டர். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலைத் தள்ளினால் நேரத்தை அடித்துச் சொல்லும் வாட்ச். மணிக்குத் தாழ்ந்த ஒலி, கால் மணிக்கு இரட்டை ஒலி, மிச்ச நிமிடத்துக்கு உச்ச ஒலி. 12:59க்குத் தள்ளினால் 12 அடி, மூன்று இரட்டை, பிறகு 14 அடி. இந்தக் கணக்கைப் பட்டியல் கச்சிதமாகத் தரும். ஒலியைத் தருமா? ஒரே இயந்திரம் ரோஸ் கோல்டு கேஸில் ஒரு விதம், பிளாட்டினத்தில் வேறு விதம். மேசையில் ஒரு விதம், கையில் கட்டியதும் சதை கொஞ்சம் ஒலியைத் தின்றுவிடும். மிருதங்கம் வாங்கப் போகிறவர் பலாமரத்தின் வயதைக் கேட்டுவிட்டுத் தட்டிப் பார்க்காமலா பணம் கட்டுவார்?

பட்டியலை அச்சடிக்கும் நிறுவனமே என்ன செய்கிறது தெரியுமா? படேக்கில் ஒவ்வொரு மினிட் ரிப்பீட்டரையும் தலைவர் தியெரி ஸ்டெர்ன் தன் காதால் கேட்டுச் சரி என்ற பிறகே வெளியே விடுகிறார்கள். அவர் அப்பா ஃபிலிப் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். எல்லா அளவும் எண்ணும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் வாட்ச் தலைவரின் காதுக்குப் போகிறது.

அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா, அந்தத் தடித்த ஃபைலில் எந்தப் பக்கத்தில் அந்த ஒலி இருக்கிறது என்று எடுத்துக் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசட்டும். நன்றி, வணக்கம்.