கடலடியிலிருந்து எழும் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

1980 செப்டம்பரில், இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானை நோக்கிச் சென்ற டெர்பிஷயர் என்னும் பிரிட்டிஷ் கப்பல், சூறாவளியில் சிக்கி 44 பேருடன் மூழ்கியது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலிலிருந்து ஓர் அபாயச் செய்திகூடக் கரைக்கு வரவில்லை. அது கிடந்த இடத்தைக் கண்டறிய 1994 வரை ஆயிற்று. வானொலியில் உதவி கேட்பதற்கு ஒரு மனிதர் கருவியின் அருகே நிற்க வேண்டும். அவருக்குச் சில நிமிடங்களாவது கிடைக்க வேண்டும். கப்பல் அந்த நிமிடங்களைத் தராமல் போகும் வேளைக்காகவே, மாலுமிகள் 'ஈபெர்ப்' என்று அழைக்கும் அபாய அலைபரப்பி உருவானது.

கனடா, பிரான்சு, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகள், பனிப்போர் முடியாத காலத்திலேயே, இந்த அலைபரப்பிகளின் அழைப்பைக் கேட்கும் கோஸ்பாஸ்-சார்சாட் என்ற செயற்கைக்கோள் ஏற்பாட்டுக்காகக் கைகோத்தன. அதன் முதல் செயற்கைக்கோள் 1982இல் ஏவப்பட்டது. இன்று பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும், கப்பல் மூழ்கினால் தானே விடுபட்டு மிதக்கக்கூடிய அலைபரப்பி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

'தானே விடுபட்டு' என்ற இரண்டு சொற்களில்தான் இந்தக் கருவியின் உயிர் இருக்கிறது. கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜின் கூரை போன்ற திறந்த இடத்தில், ஒரு கூட்டுக்குள் அது பொருத்தப்பட்டிருக்கும். கப்பல் நீருக்குள் நான்கு மீட்டர் ஆழத்தைக் கடப்பதற்குள், நீரின் அழுத்தம் கூட்டோடு இணைந்த விடுவிப்பானை இயக்கும். அதனுள் இருக்கும் சிறு கத்தி பிளாஸ்டிக் ஆணியை வெட்டும். கூட்டின் மூடி திறந்து கருவி மேலெழும். கூட்டைவிட்டு வெளியேறி உப்பு நீரைத் தொட்டதும் அது ஒலிபரப்பத் தொடங்கும். ஐம்பது விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி மட்டுமே நீளும் செய்தி, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஐந்து வாட் திறனில் விண்ணுக்குப் போகும். மின்கலம் குறைந்தது 48 மணி நேரம் தாங்க வேண்டும். இவையனைத்தும் நடக்க யாருடைய கையும் தேவையில்லை.

ஆனால் இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டையும் ஒரு முழக் கயிறு கெடுத்துவிடும். கப்பல்களின் வானொலிக் கருவிகளைச் சோதிப்பது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஒரு கப்பலில், அலைபரப்பி காற்றில் விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், அதன் கயிற்றை யாரோ கைப்பிடிக் கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தார். கப்பல் மூழ்கினால் கருவி கயிற்றின் நீளத்துக்கு மட்டுமே மேலெழுந்து, கப்பலோடு அடியாழத்துக்குப் போயிருக்கும். இன்னொன்றில் விடுவிப்பானின் மேல் மூன்று பூச்சு வண்ணம் ஏறியிருந்தது. பெரும்பாலான விடுவிப்பான்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதில் பொறித்த காலாவதித் தேதியையே வண்ணம் மறைத்துவிட்டது. துருவைக் கண்டால் தூரிகையைத் தேடும் கை, கப்பலில் எதையும் விட்டுவைப்பதில்லை.

இனி, கரையில் கேட்பது என்ன என்பதையும் பார்ப்போம். செய்தியில் இருப்பது ஒரு குறியீட்டு எண். கப்பலின் உரிமையாளர் யார், எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், யாருக்குத் தொலைபேச வேண்டும் என்பவை பதிவேட்டில்தான் இருக்கும். வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தவறுதலாக எழுந்தவை என்பதால், மீட்பு மையத்தார் முதலில் பதிவேட்டைத் திறந்து அதிலுள்ள தொலைபேசி எண்ணைக் கூப்பிடுவார்கள். கப்பல் கைமாறிய பின்னும் பதிவேடு மாறாமல் இருந்தால், தொலைபேசியை எடுப்பவர் 'அந்தக் கப்பலை விற்று நாளாயிற்றே' என்பார். அதற்குள் அரை மணி போயிருக்கும். கப்பலின் கொடி, அதாவது அது பதிவான நாடு, மாறினால் பதிவை மட்டுமல்ல, கருவிக்குள் இருக்கும் நாட்டுக் குறியீட்டையும் மாற்ற வேண்டும். தவறுதலாகக் கருவி இயங்கிவிட்டால், சத்தமில்லாமல் அணைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. உடனே மீட்பு மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னவரைத் தண்டிப்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. தேடப் புறப்படும் விமானத்தை நிறுத்துவதே அவர்கள் கவலை.

எங்கே என்ற கேள்வி இன்னும் கடினமானது. 2015 அக்டோபர் 1 அன்று, பஹாமாஸ் அருகே ஹுவாக்கின் சூறாவளியில் எல் ஃபாரோ என்ற கப்பல் 33 பேருடன் மூழ்கியது. அதன் அலைபரப்பி குரல் கொடுத்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்று அதைக் கேட்கவும் செய்தது. ஆனால் அந்தக் கருவியில் ஜிபிஎஸ் இல்லை. பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் அத்தகைய செயற்கைக்கோள் தானாக இடத்தைக் கணிக்கவும் இயலாது. ஜிபிஎஸ் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. இடம் தெரியாத கூக்குரலால் தேடுபவருக்குப் பாதிப் பயன்தான் என்கிறேன். 2022 ஜூலை 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் அலைபரப்பிகள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிந்து அனுப்ப வேண்டும். அத்துடன், கப்பல்கள் தாம் யார், எங்கே என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் ஏஐஎஸ் முறையிலும் குறிப்புத் தர வேண்டும். அதனால் அருகில் செல்லும் கப்பலின் திரையிலேயே அது புள்ளியாகத் தெரியும். இதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன், ஏனெனில் நடுக்கடலில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்தில் போகும் இன்னொரு சரக்குக் கப்பல்தான்.

கப்பலைக் கைவிட நேரம் கிடைத்தால், அலைபரப்பியைக் கூட்டிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுபோவதே நல்லது. அதை உயிர்காப்பு மிதவையின் கூரைக்குள் வைத்துக்கொள்ளாமல், ஆன்டெனா வானைப் பார்க்கும்படி வெளியே தண்ணீரில் மிதக்க விட வேண்டும். மின்கலத்தை மிச்சப்படுத்த எண்ணி இடையிடையே அணைக்கவும் கூடாது. அது மிதவையைவிட்டு விலகிப் போகாதபடி கட்டி வைக்கத்தான் அந்தக் கயிறு.