அதிபதியின் படி

நேயர்களுக்கு வணக்கம். வேலையில் விசுவாசம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற வசன அட்டையும், காலையில் கடை திறந்ததும் செய்கிற ஜெபமும்தான். இரண்டும் நல்லவை. ஆனால் நமக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால், அவர்களுக்கு நம் விசுவாசம் தெரியவருகிற இடம் வேறு. அதைச் சொல்ல, வேதாகமத்தில் யூதா தேசத்தின் அதிபதியாக, அதாவது ஆளுநராக, இருந்த நெகேமியாவைத்தான் துணைக்கு அழைக்கிறேன்.

எருசலேம் அலங்கத்தை, அதாவது நகரத்தின் மதிலை, 52 நாளில் கட்டி முடித்தவர் என்று கேட்டிருப்பீர்கள். திட்டமிட்டார், வேலையைப் பிரித்துக் கொடுத்தார், எதிர்ப்பைச் சமாளித்தார் என்று கருத்தரங்குகளில் பேசுவதும் அதைத்தான். எனக்கு அதைவிட நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம் பெரிது.

வேலை மும்முரமாக நடக்கிறது. அந்த நேரத்தில் ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்துக்குத் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தாயிற்று. ராஜாவுக்கு வரி கட்டக் கடன். பிள்ளைகளையே அடிமையாக்க வேண்டிய நிலை. வட்டி வாங்கியது யார்? சொந்த இனத்துப் பெரிய மனிதர்கள். நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் உடனே சத்தம் போடவில்லை. மனதுக்குள் ஆலோசித்தார் என்று எழுதியிருக்கிறது. பிறகு சபையைக் கூட்டி, நேருக்கு நேர் கேட்டார். அதைவிட முக்கியம், தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதைச் சபை நடுவே சொல்லி, தன்னையும் சேர்த்தே, இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்றார்.

இதற்குப் பிறகு வருகிற பகுதிதான் நான் எங்கே போனாலும் பேசுவது. அதிபதிக்கென்று ஒரு படி உண்டு. இப்போது பயணப்படி, வீட்டுப்படி என்கிறோமே, அந்த மாதிரி. முன்பிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கள்கூட ஜனங்களை அதிகாரம் பண்ணினார்கள். நெகேமியா 12 வருஷம் அந்தப் படியைத் தொடவில்லை. அவர் பந்தியில் யூதரும் மூப்பருமாக 150 பேர் சாப்பிட்டார்கள்; நாள் ஒன்றுக்கு ஒரு மாடு, ஆறு ஆடு. செலவு இல்லாமல் இல்லை. வாங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஜனங்கள் ஏற்கெனவே பாரம் சுமக்கிறார்கள், தேவனுக்குப் பயப்படுகிறேன். அவர் சொன்ன காரணங்கள் இவ்வளவுதான்.

கவனியுங்கள்: லஞ்சத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது பாவம் என்று எல்லாருக்கும் தெரியும். உரிமையாக வருவதைப் பற்றிப் பேசுகிறேன். அலுவலக டிரைவரை ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலைக்குக் கூப்பிட நமக்கு வழக்கம் இடம் கொடுக்கிறது. அட்டெண்டர் அம்மாவைக் காய்கறி வாங்க அனுப்பினால் அவர் மறுக்கமாட்டார். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவு எழுதும்போது முதல் பெயர் நம்முடையதாக இருக்கும். கேட்டால், "எப்போதும் அப்படித்தானே சார்" என்பார்கள். நெகேமியாவுக்கு முன்பும் எப்போதும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று, அவர் வயல் எதுவும் வாங்கவில்லை. பஞ்சகாலத்தில் நிலம் மலிவு, அதிகாரம் கையில். ஆனாலும் வாங்கவில்லை. தன் வேலைக்காரர்களையும் அலங்க வேலையிலேயே நிறுத்தினார்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கூலியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கூலியாளின் கூலி விடியுமட்டும் உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19. சனிக்கிழமை சாயங்காலம் கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். கைகால் கழுவி, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிமென்ட் மூட்டை ஓரமாகச் சித்தாள்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரி வருவார், "சில்லறை இல்லை, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்பார். வேலை கொடுக்கிற நிலையில் இருக்கிற சகோதர சகோதரிகளே, அந்தப் பணத்தை வெள்ளிக்கிழமையே மாற்றி வைத்துவிடுங்கள். நெகேமியா ஐந்தாம் அதிகாரம் மொத்தமே 19 வசனம்தான், இன்று இரவு வீட்டில் எல்லாரும் கேட்க வாசியுங்கள். நன்றி, வணக்கம்.