கணுக்கால் மூட்டை இணைக்கும் அறுவை: துளையா, திறப்பா?

நேயர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே படத்தை என் மேஜையில் வைத்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், துளை போட்டே செஞ்சிடலாமா?" பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் துளை போட்டுச் செய்வதைப் பார்த்தவர்கள், கணுக்காலுக்கும் அதையே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முழங்கால் பெரும்பாலும் வயதால் தேய்கிறது. கணுக்கால் அப்படியல்ல. என்றோ பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறிந்திருக்கும்; பல வருடம் கழித்து அந்த மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, அடி வைத்தாலே வலிக்கும். மாத்திரை, ஊசி, பெல்ட் எதற்கும் கேட்காவிட்டால், கீழ்க்கால் எலும்பையும் அதன் அடியில் இருக்கும் கணுக்கால் எலும்பையும் ஒரே எலும்பாக ஒட்ட வைத்துவிடுகிறோம். அசைவு போகும், அதோடு வலியும் போகும்.

பழைய சுவரில் கொத்து போடாமல் சிமெண்ட் பூசினால் பிடிக்குமா? அதே கதைதான் இங்கேயும். மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி, ரத்தம் கசியும் எலும்பு தெரியும்வரை கொத்திவிட்டு, இரண்டையும் நெருக்கி ஸ்க்ரூ முடுக்க வேண்டும். துளையோ திறப்போ, இந்த வேலையில் மாற்றமில்லை.

மாறுவது, உள்ளே போகும் வழி. திறந்து செய்தால் முன்புறமோ பக்கவாட்டிலோ நீளமாக வெட்ட வேண்டும். கணுக்காலில் தோலுக்கு அடியில் சதையே கிடையாது, அதனால் புண் மெதுவாகத்தான் ஆறும். சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய கவலை. எலும்பைச் சுற்றியுள்ள சவ்வை உரிக்கும்போது ரத்த ஓட்டமும் குறைகிறது. துளை முறையில் முன்பக்கம் இரண்டு சின்னத் துளைகள். ஒன்றில் கேமரா, மற்றதில் சுரண்டும் கருவி. வெளிப்பக்கத் துளைக்குப் பக்கத்திலேயே பாதத்தின் மேல்தோலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. கை தவறினால் அங்கே மரத்துப்போகும்.

1931இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பர்மன், மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியான ஆர்த்தோஸ்கோப்புக்குக் கணுக்கால் மூட்டு ஒத்துவராது என்று எழுதிவிட்டார். அன்றைய குழாய் அவ்வளவு தடிமன்! பிறகு ஜப்பானில் வாதநாபே என்ற மருத்துவர் மெல்லிய கருவிகளை உருவாக்கியதும்தான் வழி திறந்தது. 1980களில் இணைப்பு அறுவையையே துளை வழியாகச் செய்யத் தொடங்கினார்கள்.

சரி, எது மேல்? 2013இல் கனடா மருத்துவர்கள், முறைக்கு 30 பேராக ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துளை முறையில் செய்துகொண்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். இரண்டு வருடம் கழித்தும் அவர்கள் நிலை நன்றாக இருந்தது. ஆனால் யாருக்கு எந்த முறை என்று அங்கே சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. பழைய ஒப்பீடுகளில் கோணல் குறைந்த கால்கள் துளைக்கும், மோசமான கால்கள் திறப்புக்கும் போனதுண்டு. ஜெயித்தது முறையா, காலா? எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

கால் அதிகம் கோணிப்போயிருந்தாலோ, எலும்பு கரைந்து ஒட்டு எலும்பு வைக்க வேண்டியிருந்தாலோ நான் திறந்துதான் செய்வேன். 15 டிகிரிக்கு மேல் கோணல் இருந்தால் துளை வேண்டாம் என்பது பழைய கணக்கு. கை தேர்ந்தவர்கள் இன்று அதையும் தாண்டுகிறார்கள். கோணல் குறைவு, தோல் மோசம் என்றால் துளைதான் என் தேர்வு.

எப்படிச் செய்தாலும் எலும்பு ஒன்றுகூட மூன்று மாதம்போல ஆகும். துளை சின்னது என்று சீக்கிரம் காலை ஊன்றிவிடாதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடாமலே போகும் அபாயம் பல மடங்கு. அப்புறம், குத்தவைத்து உட்காருவது கஷ்டம். வீட்டுக் கழிப்பறையை முன்பே மாற்றிவிடுங்கள்.

அண்மையில் வந்த ஒரு குழித்தறி நெசவாளர் துளையைப் பற்றியே கேட்கவில்லை. "தறி மிதியை மிதிக்கலாமா?" என்றார். முழங்காலை வைத்துப் பழகலாம், பழைய வேகம் வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தீபாவளிச் சேலைகள் முடியட்டும் என்று அறுவையைத் தள்ளி வைத்திருக்கிறோம்.