கிளி பேரு வைக்குது சரி, அந்த பைப்பை யாரு சொல்றது?

வணக்கம் மக்களே! இந்த வாரம் வரவேண்டியது இருவாச்சி வீடியோ, அது அடுத்த வாரம். ரெண்டு நாளா ஒரு ரீல் சுத்துது, "கிளி தன் குஞ்சுக்குப் பேரு வைக்குது"ன்னு. விஷயம் நிஜம், பேருன்னா ஒவ்வொரு கிளிக்கும் தனியா இருக்கிற அழைப்புச் சத்தம். ஆனா அதுல காட்டுறது பஞ்சவர்ணக்கிளி! எனக்கு எரிச்சலே அங்கதான். ஆராய்ச்சி நடந்தது பேரட்லெட்ங்கிற குட்டிப் பச்சைக்கிளியில. நீளம் 12 சென்டிமீட்டர் சுமார்தான், சிட்டுக்குருவியைவிடக் குட்டை.

இடம் வெனிசுவேலா, யானோஸ் புல்வெளி, மசாகுவரால்னு ஒரு மாட்டுப் பண்ணை. 1980-கள் கடைசியிலேயே பறவை ஆராய்ச்சியாளர் ஸ்டீவன் பெய்சிங்கர் அங்க வேலையை ஆரம்பிச்சுட்டார். கிளி பேரு வைக்குதுங்கிற கார்ல் பெர்க் குழுவோட ஆராய்ச்சி முடிவு வந்தது 2011-ல. நடுவுல இருபது வருஷத்துக்கு மேல! அத்தனை வருஷத்தையும் தாங்கினது எது தெரியுமா? பிவிசி பைப்.

ஆமா, நம்ம வீட்டு பைப்தான். ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், அதாவது நாலு இன்ச். மேல, வாய்க்குக் கொஞ்சம் கீழ, கிளி நுழைய ஒரு ஓட்டை. கீழ பக்கவாட்டுல மூடி போட்ட இன்னொரு ஓட்டை, அது நம்ம கை போக. வேலிக் கம்பத்துல கட்டிட்டா கூடு ரெடி. மரப்பொந்துன்னா ஏணி வேணும், உள்ளே கை எட்டாது, மரம் விழுந்தா கூடும் போச்சு. இங்க நூத்துக்கு மேல கூட்டை நின்ன இடத்துல இருந்தே பாத்துட்டுப் போகலாம்.

அட, முக்கியமானதை விட்டுட்டேன், கம்பி வலை! பிவிசி உள்பக்கம் வழவழன்னு இருக்கும், நகம் பிடிக்காது. உள்ளே மேலிருந்து கீழ வரைக்கும் கம்பி வலை வைக்கலன்னா குஞ்சு ஏறி வெளிய வரவே முடியாது. எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே ரொம்பப் பிடிச்ச பொருள் அந்த வலைதான்.

சரி, முட்டை. ஒரு கூட்டுல சராசரி ஏழு. தாய் முதல் முட்டையிலேயே அடைகாக்க உக்காந்துடும். அதனால மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் ரெண்டு வாரம் வரை கூட வித்தியாசம் வரும். தினமும் போய், இட்ட வரிசைப்படி முட்டையில நம்பர் எழுதணும். ஒரு நாள் விட்டாலும் எது எதுல இருந்து பொரிஞ்சதுன்னு கலங்கிடும்.

குஞ்சுக்குக் கால் தடிச்சதும், எது எந்தக் கிளின்னு அடையாளம் தெரிய கால்ல கலர் வளையம். பத்து கலர், மூணு வளையம்னா 1000 சேர்க்கை கிடைக்கும், கணக்கு அவ்வளவுதான். ஆனா கிளிக்குக் கால் குட்டை, வயித்து இறகு வளையத்தை மூடிக்கும். அவசரப்பட்டு ஒரு கலரை மாத்தி எழுதினா, செத்த கிளி நோட்டுல உயிரோட வந்துடும்!

இப்ப எண்ணிக்கை. பழைய கிளி வீடியோவுலயே சொன்னேன், காணாமப் போனதெல்லாம் செத்தது இல்ல. உதாரணத்துக்கு, 100 கிளிக்கு வளையம் போட்டோம், அடுத்த வருஷம் 45 தான் கண்ணுல பட்டுது. உயிரோட இருக்கறதுல முக்கால்வாசிதான் நம்ம கண்ணுல படும்னா, நிஜத்துல இருக்கறது 60. அந்த முக்காலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நடுவுல ஒரு வருஷம் தலை காட்டாம, அதுக்கப்புறம் வந்து நிக்கிற கிளிகளை வச்சுத்தான். கார்மாக்–ஜாலி–சீபர் கணக்குன்னு பேரு. ரெண்டு வருஷ டேட்டாவுல இது வரவே வராது. வேற ஊருக்குப் பறந்துபோனதும் இதுல செத்த கணக்குலதான் சேரும், அதையும் மனசுல வச்சுக்கணும்.

இப்படிப் பாத்துத்தான் அங்க ஆண் அதிகம், பெண் கம்மின்னு தெரிஞ்சது. ஜோடி இல்லாத ஆண் சில சமயம் அடுத்தவன் குஞ்சைக் கொல்லும். சில சமயம் ஜோடியை இழந்த தாயோட சேர்ந்து அதோட குஞ்சுகளையே வளர்க்கும்.

பேரு விஷயத்துக்கு வரேன். பெர்க் குழு கூட்டுக்குள்ள கேமரா வச்சு, கூடு விட்டு கூடு முட்டையை மாத்தினாங்க. குஞ்சுங்க கத்தின அழைப்பு வளர்த்தவங்க குரலை ஒத்திருந்தது, பெத்தவங்களை இல்ல. யாரு எந்த முட்டைன்னு தெரியாம இது முடியுமா சொல்லுங்க?

இன்னொண்ணு, பைப் அடியில 10, 15 சென்டிமீட்டருக்கு மரத்தூள் போடணும். கம்மியா போட்டா முட்டை கெட்டித் தரையில உருளும்.