முழங்கால் அம்மாவினுடையது, படிக்கட்டு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. உங்கள் கைவிரல்களை விரித்துப் பாருங்கள். நகத்துக்குக் கீழே இருக்கிற கடைசி மூட்டின் இரண்டு பக்கமும் கடலையளவில் கெட்டியாக முடிச்சு ஏதும் தட்டுப்படுகிறதா? அறுபது தாண்டிய பெண்கள் பலருக்கு இருக்கும். இருந்தால், உங்கள் அம்மாவின் கையை நினைத்துப் பாருங்கள். தேங்காய் துருவும்போதும் பிட்டுக்கு மாக் குழைக்கும்போதும் அந்தக் கையிலும் இதே முடிச்சைப் பார்த்த ஞாபகம் வரக்கூடும். மூட்டுத் தேய்வின் அடையாளம் அது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்ததைத்தான் இப்போது எல்லாரும் மரபணு என்கிறார்கள். எனக்கென்னவோ பழைய சொல்லே பிடிக்கும். ஆனால் 'பரம்பரை' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளினிக்கில் வாரத்துக்குப் பத்துத் தடவையாவது அதைக் கேட்கிறேன்: "டொக்டர், இது எங்கட பரம்பரை வருத்தம். இனி என்ன செய்யிறது?" முதல் வசனம் பல நேரம் பாதி சரி. இரண்டாவது வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

இரண்டு சகோதரிகளின் கதையைச் சொல்கிறேன். மூத்தவர் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி. இளையவர் கொட்டாஞ்சேனையில் பழைய வீடு, வாசலில் ஒரே ஒரு படி. இருவருக்கும் எழுபது கடந்துவிட்டது. இரண்டு பேருடைய முழங்கால் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று நானே தடுமாறுவேன். அம்மாவின் முழங்கால், அப்படியே. ஆனால் இளையவர் வெள்ளிக்கிழமைகளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்துபோய் வருகிறார். மூத்தவரோ லிஃப்ட் பழுதான மாதங்களில் கீழே இறங்கவே இல்லை. இறங்காததால் தொடைத் தசை மெலிந்தது. தசை மெலிந்ததால் லிஃப்ட் திருத்திய பிறகும் இறங்கப் பயம். நோய் ஒன்றுதான். இயலாமை ஒருவருக்கு மட்டும். தரைத்தளத்துக்கு மாறலாமே என்று கேட்டேன். "அங்க கார்கள்தானே டொக்டர் குடியிருக்கு" என்றார்.

1996இல் லண்டன் ஆய்வாளர்கள் பெண் இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, கை, முழங்கால் மூட்டுத் தேய்வில் மரபின் பங்கு 39 முதல் 65 வீதம் என்று கண்டார்கள். இந்த வீதக் கணக்கைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். உங்கள் முழங்காலில் பாதி அம்மா தந்தது என்று அர்த்தமில்லை. ஊரில் ஒருவருக்குத் தேய்கிறது, இன்னொருவருக்குத் தேயவில்லை அல்லவா, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதே கணக்கு. சுற்றுச்சூழல் மாறினால் கணக்கும் மாறும்.

ஆயுளுக்கு வருவோம். டென்மார்க்கில் 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2872 இரட்டையர் சோடிகளைப் பார்த்து, ஆயுள் வித்தியாசத்தில் கால்வாசி மரபு என்றார்கள். 2018இல் 40 கோடிப் பேருக்கு மேல் அடங்கிய வம்சாவளிப் பதிவுகளை அலசியவர்கள் 10 வீதத்துக்கும் குறைவு என்றார்கள். காரணம் சுவையானது. இரத்த உறவே இல்லாத சம்பந்தி வீட்டாரின் ஆயுள்கூட ஒத்துப்போனதாம். தம்மைப் போன்ற வாழ்க்கை உள்ளவரையே மக்கள் கட்டுகிறார்கள். அந்த ஒற்றுமையைக் கழித்தால் மரபுக்கு மிஞ்சுவது குறைவு. ஊர், படிப்பு, உத்தியோகம் எல்லாம் விசாரித்துப் பெண் பார்க்கிற நமக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு மாற்றமும் உண்டு. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம். தென்னாசியர்களில் 100 பேரில் ஏறக்குறைய 4 பேரிடம் இது இருப்பதாக 2009இல் ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் சகாக்களும் எழுதினார்கள். இளமையில் சத்தமே போடாது. நடுவயதுக்கு மேல் சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும். இவ்வளவு கெடுதலான ஒன்று எப்படி இத்தனை தலைமுறை தப்பியது? பிள்ளை பெற்று வளர்த்து முடித்த பிறகுதான் அது வாலை ஆட்டுகிறது. இயற்கைத் தேர்வின் கண்ணில் படவே இல்லை. முதுமை நோய்கள் பலவற்றின் இரகசியம் இதுதான். பின்னால் வந்த ஆய்வுகள் கொஞ்சம் ஆறுதல் தந்தன: அந்த எழுத்துகள் விடுபட்ட எல்லாருக்கும் நோய் வருவதில்லை, கூடவே இன்னொரு மாற்றமும் இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

அதற்காகக் கொழும்பில் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டுமா? எல்லாருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசில் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பூட்டலாம். எலும்பின் அடர்த்தியில் மரபின் பங்கு பெரிது, உண்மை. இடுப்பு எலும்பு முறிவது மட்டும் பெரும்பாலும் ஒரு விழுகையால்.

குடும்ப வரலாறு இலவசம். ஆனால் நாம் அதை அரைகுறையாகத்தான் வைத்திருக்கிறோம். "அப்பா ஹார்ட் அட்டாக்கில போனவர்" என்பார்கள். எத்தனை வயதில் என்றால் முழிப்பார்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், வைத்தியர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். எண்பதில் வந்திருந்தால் கதை வேறு.

வெள்ளவத்தை மூத்தவரிடமும் குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பயிற்சியாளர் காட்டியபடி கதிரையில் இருந்து எழும்பி எழும்பித் தொடையைப் பலப்படுத்திக்கொண்டு, போன மாதம் தானே இறங்கி வந்தார். கையில் கலண்டரில் கிழித்த ஒரு தாள். பென்சிலில் எழுதியிருந்தார்: "அம்மா: 68 வயசில கோல் பிடிச்சவ. 86 வயசில மோசம் போனவ. கடைசி மட்டும் தானே கிணத்தடிக்குப் போய்க் குளிச்சவ." அதற்குக் கீழே, தனியாக, இன்னொரு வரி: "அந்த வீட்டில படி இல்லை."

வணக்கம்.