மெத்தைக்கு அடியில் இருந்த பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க வரலாற்றில் அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்து திசை மாறிய கட்டங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். விடுதலைப் போர், அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள் என்று பட்டியல் நீளும். நான் அதிலிருந்து வெறும் 12 நாட்களை எடுத்துக்கொள்கிறேன். 1933 மார்ச் 4, சனிக்கிழமை தொடங்கி மார்ச் 15, புதன்கிழமை வரை. அமெரிக்க வங்கிகள் மூடி, மறுபடி திறந்த நாட்கள் அவை.

இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் பணம் கொடுக்கும் கவுன்டரில். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், யாரோ கிளப்பிவிட்ட வதந்தியால் எங்கள் கிளை வாசலில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பேத்தியின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்று சொல்லி, பாஸ்புக்கை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பாட்டி வரிசையில் நின்றார். பிற்பகலுக்குள் வேறு கிளைகளிலிருந்து பணம் வந்து சேர்ந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம், கூட்டமும் கலைந்தது. அந்தப் பாட்டியின் முகம் மட்டும் எனக்கு இன்றும் மறக்கவில்லை. 1933-இல் அமெரிக்கா முழுவதும் வங்கி வாசல்களில் நின்ற மக்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த முகம்தான் கண் முன்னால் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த கதை பலருக்குத் தெரியும். அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் 381 புள்ளியில் இருந்த டவ் ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலையில் 41 புள்ளிக்கு இறங்கிவிட்டது. ஆனால் பங்கு வைத்திருந்தவர்கள் அந்த நாட்டில் சிறு கூட்டம்தான். சாதாரணக் குடும்பங்களின் அடிமடியில் கைவைத்தது வங்கிகளின் வீழ்ச்சி. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் பணம் போட்டவர்கள் இழந்த தொகை ஏறக்குறைய 130 கோடி டாலர்.

ஒரு நாட்டில் 9,000 வங்கிகள் மூடுகின்றன என்றால் மொத்தம் எத்தனை வங்கிகள் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 1929-இல் அங்கே சுமார் 25,000 வங்கிகள் இருந்தன! பெரிய வங்கி என்றாலே அமெரிக்கர்களுக்கு ஒரு சந்தேகம். அது நூறு வருடப் பழைய சந்தேகம். 1832-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், நாடு முழுவதும் கிளைகள் வைத்திருந்த ஒரு வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பணக்காரர்களின் கோட்டை அது என்பது அவர் வாதம். அப்புறம் பல மாநிலங்களில் ஒரு வங்கி ஒரு கட்டடத்துக்குள்தான் இயங்க வேண்டும், கிளை திறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. விளைவு என்ன? கோதுமை விளையும் ஊரில் உள்ள வங்கி கோதுமை விவசாயிக்கு மட்டுமே கடன் கொடுத்திருக்கும். கோதுமை விலை விழுந்தால் விவசாயியோடு சேர்ந்து வங்கியும் விழும். கை கொடுக்க வேறு ஊரில் கிளை கிடையாது. பக்கத்து நாடான கனடாவில் ஒரு சில பெரிய வங்கிகள், நாடெங்கும் கிளைகள். அங்கேயும் அதே பொருளாதார மந்தம், அதே வேலையின்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் அங்கே ஒரு வங்கிகூட மூடவில்லை.

1930 டிசம்பரில் நியூயார்க்கில் பேங்க் ஆஃப் யுனைட்டட் ஸ்டேட்ஸ் என்ற வங்கி விழுந்தது. பெயரைப் பார்த்தால் அரசு வங்கி போலத் தோன்றும். உண்மையில் அது தனியார் வங்கி. தையல் வேலை செய்தவர்கள், சிறு கடைக்காரர்கள், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்கள் என்று சுமார் 4 லட்சம் பேர் அதில் பணம் வைத்திருந்தார்கள். பிராங்க்ஸ் பகுதிக் கிளையின் வாசலில் ஒரு நாள் கூடிய கூட்டம், மறுநாளே வங்கியை மூட வைத்துவிட்டது.

வங்கியில் வேலை செய்யாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல வங்கியானாலும் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் கொடுக்க முடியாது. நீங்கள் போடும் பணம் வீட்டுக் கடனாகவும் பயிர்க் கடனாகவும் கடன் பத்திரமாகவும் வெளியே போய்விடுகிறது. பெட்டியில் இருப்பது ஒரு பங்குதான். மற்றவர்கள் எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் வரையில் அது சரியான கணக்கு. அந்தக் கணக்கை ஊரே போட்டால் நல்ல வங்கியும் செத்துப்போகும்.

1932 நவம்பர் தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவர் தோற்றார், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வென்றார். ஆனால் அந்தக் கால வழக்கப்படி புதியவர் பதவியேற்பது மார்ச் 4-இல். நான்கு மாதம்! போகிறவர் சொல்வதை யாரும் கேட்கவில்லை, வருகிறவர் கையில் அதிகாரம் இல்லை. இருவரும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிடலாம் என்று ஹூவர் கடிதம் எழுதினார். தன் கொள்கைகளை இப்போதே கைவிடச் சொல்லும் பொறி என்று ரூஸ்வெல்ட் நினைத்தார், ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஏழைகள் என்பதை மறைக்க மாட்டேன்.

பிப்ரவரி 14-இல் மிச்சிகன் மாநில ஆளுநர் தன் மாநில வங்கிகளை எட்டு நாள் மூடச் சொன்னார். டெட்ராய்ட் நகரத்துக் கார் தொழிற்சாலைகளின் மாநிலம் அது. செய்தி பரவியதும் பக்கத்து மாநில மக்கள் தங்கள் வங்கிகளுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு மாநிலமாகக் கதவைச் சாத்தியது. மார்ச் 4 விடியற்காலையில் நியூயார்க்கும் இல்லினாயும் மூடிவிட்டன. நாட்டின் வேலைக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை, வேலை இருப்பவருக்கோ கையில் ரொக்கம் இல்லை. இந்த நிலையில்தான் ரூஸ்வெல்ட் பதவியேற்று, நாம் பயப்பட வேண்டியது பயத்துக்கு மட்டும்தான் என்று பேசினார்.

அந்த வாசகத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் அடுத்து வந்த நாட்கள்.

மார்ச் 6, திங்கள், அதிகாலை ஒரு மணி. நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை என்று பிரகடனம் வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? முதல் உலகப் போர் நேரத்தில், 1917-இல், எதிரி நாட்டோடு வணிகம் செய்வதைத் தடுக்கப் போட்ட சட்டத்தின் கீழ். சமாதான காலத்தில் சொந்த நாட்டு வங்கிகளுக்கு அது பொருந்துமா என்பது சந்தேகம்தான். நாடாளுமன்றம் மூன்று நாள் கழித்து அதற்கு ஒப்புதல் கொடுத்தது. நிதித் துறையில் புதிய அமைச்சர் வில்லியம் வூடின் வந்து உட்கார்ந்தார். தோற்றுப்போன ஹூவரின் அமைச்சர் ஆக்டன் மில்ஸும் அவருடைய அதிகாரிகளும் வீட்டுக்குப் போகவில்லை. இரவு பகலாக அங்கேயே இருந்து, புதியவர்களோடு சேர்ந்து சட்ட வரைவை எழுதினார்கள். கட்சி பார்க்காமல் வேலை பார்த்த அந்த அதிகாரிகளை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

மார்ச் 9, வியாழக்கிழமை மசோதா சபைக்கு வந்தது. பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்களுக்குக் கொடுக்க அச்சடித்த பிரதிகள் இல்லை. இருந்த ஒரே பிரதியை வங்கிக் குழுத் தலைவர் ஹென்றி ஸ்டீகல் உரக்கப் படித்தார். சுமார் நாற்பது நிமிட விவாதம், உடனே நிறைவேற்றம். செனட்டில் 73 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. அன்று இரவே கையெழுத்து. வங்கிகளைச் சோதித்து, உருப்படும் என்று தெரிபவற்றுக்கு மட்டும் திறக்க உரிமம். தேவையான அளவுக்குப் புது நோட்டு அச்சடிக்க, அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வுக்கு அனுமதி. சட்டத்தின் சாரம் இதுதான்.

ஆனால் மக்கள் இதை நம்ப வேண்டுமே. திங்கள்கிழமை கதவு திறந்ததும் மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

மார்ச் 12, ஞாயிறு இரவு பத்து மணி. ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். 13 நிமிடம் சொச்சம் பேசினார். சுமார் 6 கோடிப் பேர் கேட்டார்கள் என்பது கணிப்பு. அமெரிக்க மக்களோடு சில நிமிடம் வங்கியைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றுதான் ஆரம்பம். முழக்கம் கிடையாது, எதிர்க்கட்சி மீது தாக்குதல் கிடையாது. நீங்கள் வங்கியில் போடும் பணத்தை அவர்கள் பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, பல வகையில் கடனாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு வாத்தியார் மாதிரி தொடங்கினார். கவுன்டரில் உட்கார்ந்து நாங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதை ஒரு நாட்டின் அதிபர் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் வங்கி முதல் நாள் திறக்காவிட்டால் அது திறக்கவே திறக்காது என்று நினைக்காதீர்கள் என்றார். எல்லா வங்கியும் திறக்கும் என்று பொய்யும் சொல்லவில்லை, சிலருக்கு நஷ்டம் வரலாம் என்பதையும் ஒத்துக்கொண்டார். கடைசியில், மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் பணம் வைப்பது பாதுகாப்பானது என்று உறுதி சொன்னார்.

அவருடைய தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் பிறகு ஒரு செய்தி சொன்னார். ரேடியோவில் பேசும்போது ரூஸ்வெல்ட்டின் தலை அசையும், கை அசையும், முகம் மலரும். கேட்பவர்கள் எதிரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலவே பேசுவாராம். இப்போது இந்தச் சின்ன அறையில் உங்களைப் பார்க்காமல் பேசும்போது அது எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது.

மறுநாள் திங்கள், பெடரல் ரிசர்வ் அலுவலகங்கள் இருந்த 12 நகரங்களில் வங்கிகள் திறந்தன. வாசலில் வரிசை நின்றது. ஆனால் பலர் பணத்தைத் திருப்பிப் போட வந்தவர்கள்! அந்த மாத முடிவுக்குள், வீடுகளில் பதுக்கிய ரொக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது. 15-ஆம் தேதி பங்குச் சந்தை திறந்தபோது டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்தச் சாதனை இன்றுவரை முறியவில்லை.

சில நாட்களில் ஆயிரக்கணக்கான வங்கிகளின் கணக்கை ஒழுங்காகச் சோதித்திருக்க முடியாது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு கிளையைத் தணிக்கை செய்யவே வாரக்கணக்கில் ஆகும். கலிபோர்னியாவின் பேங்க் ஆஃப் அமெரிக்காவைத் திறக்கலாமா என்பதில் சான் பிரான்சிஸ்கோ பெடரல் ரிசர்வ் அதிகாரிக்கே சம்மதமில்லை. அதை மூடும் பொறுப்பை நீங்கள் ஏற்பீர்களா என்று வூடின் கேட்டார், அவர் மறுத்தார், வங்கி திறந்தது. அரசு பின்னால் நிற்கிறது என்று மக்கள் நம்பியதுதான் அந்த வாரத்தின் மூலதனம். அதே சமயம் அந்த ஆண்டில் சுமார் 4,000 வங்கிகள் விழுந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே பணம் வைத்திருந்தவர்களுக்கு மார்ச் 13 விடியவே இல்லை.

நிலையான மாற்றம் ஜூன் 16-இல் வந்தது. கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். பங்கு வியாபாரத்தையும் டெபாசிட் வாங்கும் வங்கியையும் பிரித்ததற்காக அது பேர்பெற்றது. நான் பெரிதாக நினைப்பது அதன் இன்னொரு பகுதியை: டெபாசிட் காப்பீடு. வங்கி விழுந்தாலும் உங்கள் பணம் ஒரு வரம்பு வரை வந்து சேரும் என்ற உறுதி. இதற்காக 1886 முதல் நாடாளுமன்றத்தில் 150 மசோதாக்கள் வந்து போயிருந்தன. பெரிய வங்கிக்காரர்கள் எதிர்த்தார்கள். ரூஸ்வெல்ட்டே எதிர்த்தார் என்றால் நம்புவீர்களா? பொறுப்பில்லாத வங்கியின் கடனை நல்ல வங்கி சுமக்க வேண்டி வரும் என்பது அவர் கவலை. அதில் நியாயமும் இருக்கிறது. அலபாமாவிலிருந்து வந்த ஸ்டீகல் விடவில்லை, மக்களின் கடிதங்களும் விடவில்லை. 1934 ஜனவரி 1 முதல் 2,500 டாலர் வரை காப்பீடு அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு விழுந்த காப்பீட்டு வங்கிகள் வெறும் 9. முந்தைய ஆண்டின் 4,000-த்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரூஸ்வெல்ட்டின் பேச்சு மக்களை வங்கிக்குத் திரும்ப அழைத்தது, அவர் விரும்பாத இந்தச் சட்டம்தான் அவர்களை அங்கே தங்க வைத்தது.

வங்கிகளையும் பங்கு வியாபாரத்தையும் பிரித்த சுவரை 1999-இல் எடுத்துவிட்டார்கள். காப்பீடு மட்டும் வளர்ந்துகொண்டே வந்து 2008-இல் 2,50,000 டாலரானது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது, அதுவும் செல்போன் வழியாக. அங்கே இருந்த பணத்தில் பெரும்பகுதி காப்பீட்டு வரம்பைத் தாண்டிய பணம்.

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்கும் வந்தது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு சட்டம் போட்டு, 1962 ஜனவரி 1 முதல் இந்தியாவில் டெபாசிட் காப்பீடு தொடங்கினார்கள். முதலில் 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம், வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு. தனியார் நிதி நிறுவனத்திலோ சீட்டுக் கம்பெனியிலோ போடும் பணத்துக்கு இது கிடையாது, இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளை வாசலில் நின்ற அந்தப் பாட்டியின் கணக்கில் அன்று ஒரு லட்சத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. வங்கி விழுந்திருந்தாலும் அவருடைய பணம் போயிருக்காது. நான் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். உட்காருங்கள் பாட்டி என்று சொல்லி, இதை விளக்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வணக்கம்.