அரிப்பு மாத்திரையும் அடுத்த நாள் காலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பவானியில் 31 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு வருகிறவர்களில் பலர் முழங்கையைச் சொறிந்துகொண்டேதான் படியேறுவார்கள். பகலில் தறிச் சத்தத்திலும் வேலை மும்முரத்திலும் தெரியாத அரிப்பு, பாயை விரித்ததும் உயிரை எடுக்கும். "அரிப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க, நாலு நாளாத் தூக்கமே இல்லைங்க" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கும் அந்த மாத்திரையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நல்ல மருந்துதான் அது. அதனால் யாரும் பயந்து தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஆனால் அரிப்பை அடக்கும் அதே மாத்திரை தூங்கவும் வைக்கும். அந்தத் தூக்கம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும்.

மருந்தின் பெயர் ஹைட்ராக்ஸிசின். அட்டராக்ஸ் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1950-களின் நடுவில் பெல்ஜியம் நாட்டில் கண்டுபிடித்தார்கள். அட்டராக்ஸ் என்ற பெயரே கிரேக்க மொழியில் மனக்கலக்கம் இல்லாத நிலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. அதாவது, மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை என்றுதான் அதற்குப் பெயர் சூட்டினார்கள். நம் ஊரில் அது அரிப்பு மாத்திரையாகவே நிலைத்துவிட்டது. இன்றும் இரண்டுக்கும் எழுதுகிறார்கள். தோல் டாக்டர் சீட்டிலும் இருக்கும், மனநல டாக்டர் சீட்டிலும் இருக்கும்.

ஒரே மாத்திரை எப்படி இரண்டுக்கும் ஆகும்? ஹிஸ்டமின் என்று ஒரு பொருள் நம் உடம்பில் சுரக்கிறது. தோலில் அது கொட்டினால் தடித்துச் சிவந்து அரிக்கும். காணாக்கடி என்று சொல்வோமே, அது இதனால்தான். அதே ஹிஸ்டமின் மூளையில் வேறு வேலை செய்கிறது. நம்மை விழிப்பாக வைத்திருப்பது அது. இந்த மாத்திரை இரண்டு இடத்திலும் போய் ஹிஸ்டமினைத் தடுத்துவிடும். தோலில் அரிப்பு அடங்கும், மூளையில் விழிப்பு குறையும். அவில், ஃபெனர்கன், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், எல்லாம் இதே குடும்பம்தான். பின்னால் வந்த ஃபெக்சோஃபெனடின், லோரடடின் போன்றவை மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை, அதனால் தூக்கமும் குறைவு. செட்ரிசின் நடுவில் நிற்கிறது, சிலருக்கு நன்றாகவே தூக்கம் வரும். இன்னொரு விஷயம், ஹைட்ராக்ஸிசினை நம் கல்லீரல் செட்ரிசினாகத்தான் மாற்றுகிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று டாக்டர் தெரிந்தே எழுதுவது உண்டு, அது சரி. நாமாக இதையும் அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்ட மாதிரி.

இந்தக் குடும்பம் என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர். ஜமக்காளம் நெய்தவர், எழுபதைத் தாண்டியவர். இடுப்பிலும் விரலிடுக்கிலும் அரிப்பு. தோல் டாக்டரிடம் காட்டி, இரவுக்கு ஹைட்ராக்ஸிசின் வாங்கிச் சாப்பிட்டு வந்தார். அந்த வாரம் சளி பிடித்தது. என் கடைக்கு வந்து, "கண்ணு, மூக்கு ஒழுகுது, ஒரு சளி மாத்திரை குடு" என்றார். கொடுத்தேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கடையில் கூட்டம். கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலை நான்கு மணிக்குக் கொல்லைப்புறம் போக எழுந்தவர் வாசற்படியில் விழுந்துவிட்டார். நெற்றியில் ஆறு தையல். அதைவிடப் பெரிய அவதி, சிறுநீர் இறங்கவே இல்லை. வயிறு உப்பிப் போய், ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆளுக்கு நிதானமும் இல்லை. மகனையே யார் என்று கேட்டாராம்.

நான் பார்க்கப் போனேன். அவர் மனைவியிடம், "வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்கம்மா" என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் கடை மேசையில் கவிழ்த்தார்கள். பாதி அட்டைகளில் பெயரே இல்லை, வெட்டிக் கொடுத்த துண்டுகள். காகித உறைக்குள் உதிரியாகக் கிடந்தவை வேறு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். தோல் டாக்டர் கொடுத்த ஹைட்ராக்ஸிசின். நான் கொடுத்த சளி மாத்திரை, அதற்குள் குளோர்ஃபெனிரமின். அப்புறம் அவில். "இது யாருக்குங்கம்மா?" என்றேன். "எனக்கு எப்பவோ வாங்குனதுங்க. அரிப்பு அடங்கலீன்னு நாந்தான் மத்தியானம் ஒண்ணு குடுத்தேன்" என்றார்கள். மூன்று உறை, மூன்று பெயர், மூன்றும் ஒரே குடும்பம். அந்த ஐயாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் வேறு இருந்தது, அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்குவது.

இந்தக் குடும்பத்து மருந்துகளுக்குத் தூக்கம் தவிர இன்னொரு குணமும் உண்டு. உடம்பை வறட்டும். வாய் உலரும், மலம் இறுகும், சிறுநீர் பிரியச் சிரமப்படும், கண் மங்கும். இளவட்டத்துக்கு இது பெரும்பாலும் பெரிய தொல்லை இல்லை. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அடைத்துக்கொள்ளும். சிலவகைக் கண் அழுத்த நோய் இருப்பவருக்குக் கண்ணுக்கே ஆபத்து. வயதானவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் வரும். வீட்டில் உள்ளவர்கள் அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். ஐரோப்பாவின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2015-ல் ஹைட்ராக்ஸிசினை முதியவர்களுக்குக் கூடியவரை கொடுக்க வேண்டாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சொன்னது. மற்றப் பெரியவர்களுக்கு 100 தான் உச்சம். உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உச்சம் எங்கே என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மஞ்சப்பை கதை இன்னும் முடியவில்லை. அந்த அம்மா பக்கத்திலேயே பேரன் நின்றுகொண்டிருந்தான். ஹாஸ்டலில் படிக்கிற பையன், லீவுக்கு வந்தவன். நான் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். "உனக்கும் அரிக்குதா கண்ணு?" என்றேன். "ராத்திரியில ரொம்ப, அத்தை" என்றான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அரசு மருத்துவமனைக்கு எல்லோரையும் அனுப்பினேன். சொறிசிரங்கு. தோலுக்குள் குடையும் சின்னப் பூச்சியால் வருவது. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி எல்லாம் விடாமல், வீட்டில் அத்தனை பேரும் ஒரே இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். பூசினார்கள். பூச்சி செத்த பிறகும் சில நாள் அரிப்பு இருக்கும், அதையும் சொல்லி அனுப்பினார்கள். மாதம் முடிவதற்குள் வீடே நிம்மதியாகத் தூங்கியது.

பாருங்கள், ஐயாவின் அரிப்புக்குக் காரணம் பூச்சி. மாத்திரை பூச்சியை ஒன்றும் செய்யாது. தூங்க வைத்ததே தவிர காரணத்தைத் தொடவில்லை. எல்லா அரிப்பும் ஹிஸ்டமினால் வருவதில்லை. காணாக்கடிக்கு இந்தக் குடும்பம் நன்றாகக் கேட்கும், அதற்கும் இப்போது தூக்கம் வராத வகையைத்தான் முதலில் தருகிறார்கள். மார்கழிப் பனியில் வயதானவர்களுக்குத் தோல் வறண்டு அரித்தால், சோப்பைக் குறைத்து, குளித்து ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவினாலே பாதி அடங்கும். சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டாலும் தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் அரிக்கும். இரண்டு வாரம் தாண்டிய அரிப்புக்கு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன அடுத்த நாள் காலைக்கு வருவோம். ஹைட்ராக்ஸிசின் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆனால் உடம்பை விட்டுப் போக நேரம் ஆகும். பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆனால்தான் உள்ளே போனதில் பாதி குறையும். இரவு பத்து மணிக்குப் போட்ட மாத்திரையில் பாதி, மறுநாள் மாலை ஆறு மணிக்கும் உடம்பில் இருக்கிறது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம், 29 மணி நேரம் வரை. காலையில் முகம் கழுவிக் காபி குடித்ததும் தெளிவாகத்தான் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். புதிதாக ஆரம்பிக்கும் முதல் சில நாள், அளவைக் கூட்டும் முதல் சில நாள், பைக் வேண்டாம். விசைத்தறி, பவர் ரம்பம், ஏணி எதுவும் வேண்டாம். முதல் மாத்திரையை மறுநாள் வேலை இல்லாத இரவில் போட்டுப் பாருங்கள். இதைச் சாப்பிடும் நாட்களில் மது கூடவே கூடாது. தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, தூக்கம் வரும் இருமல் மருந்து, இவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். இரவு போட மறந்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

இதயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். இசிஜியில் கோளாறு என்று முன்பு சொல்லப்பட்டவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அவர்கள், பேதியாலோ நீர் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்தவர்கள், முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அசித்ரோமைசின், எரித்ரோமைசின், வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான், மனச்சோர்வுக்கு எழுதும் எஸ்சிடலோபிராம், இவையும் அதே தாளத்தைத் தொடுகிறவை. டாக்டருக்குத் தெரியாமல் இவற்றோடு சேர்க்கவே கூடாது. மாத்திரை போட்டபின் மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

அடுத்து படபடப்பு. இதற்கு நிறைய நேரம் வைத்திருந்தேன், கடிகாரம் ஓடிவிட்டது. பாட்டியின் அரிப்பு மாத்திரையை எடுத்துப் போட்டுப் பரீட்சைக்கு முந்தின இரவு தூங்கிய மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, அதே மாத்திரை ஒரு அட்டை வேணும்" என்றாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து, தரவில்லை. உட்கார வைத்துப் பேசினேன். ஆறு மாதமாக நெஞ்சு படபடக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. படபடப்புக்குப் பின்னால் தைராய்டு இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், மனப்பதற்ற நோயே இருக்கலாம். ஹைட்ராக்ஸிசினுக்கு, படபடப்புக்குத் தரும் இன்னொரு மாத்திரையான அல்பிரசோலம் மாதிரி பழகிப்போகும் குணம் இல்லை, அதனால் கொஞ்ச நாளைக்கு டாக்டர்கள் எழுதுகிறார்கள். மற்ற மருந்தும் மனநல ஆலோசனையும் பலன் தரும்வரை தாங்கிப் பிடிக்க அது உதவும். அல்பிரசோலம் சாப்பிட்டு வருகிறவர்கள், இது நல்லதாமே என்று அதைத் திடீரென நிறுத்திவிட்டு இதற்கு மாறிவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். யாரிடமும் சொல்ல முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். மனநலத்துக்கான அரசு உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

எதிரே கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு. சிரப்பைச் சமையலறைக் கரண்டியால் ஊற்றாதீர்கள், பாட்டிலோடு வரும் மூடியளவில் ஊற்றுங்கள். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் துள்ளும், அதுவும் மருந்தால்தான். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கடையில் அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கமாகக் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை. வீட்டு மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டாக்டரிடம் அப்படியே எடுத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. காணாக்கடியோடு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், மாத்திரை போட்டுவிட்டு அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் இந்த மாத்திரை போதாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

வணக்கம்.